சொல்லக் கூசும் நோயும் சீனத்துக் களிம்பும்

இப்பக்கத்தில் நாம் தாய்மொழிக் கல்வி பற்றி எழுதியுள்ளோம். முதியோரின் தனிமை பற்றியும் ஊரில் எஞ்சியிருக்கும் உறவுகள் பற்றியும் எழுதியுள்ளோம். இவ்வாரம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டதும் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு ஆகிய நோய்களைப் பற்றியும், அவற்றுக்கென எம்மவர் இரகசியமாக வாங்கும் சீன மருந்துகளைப் பற்றியுமே எழுதப்போகிறோம். முகஞ்சுளித்தாலும் முழுவதும் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏனெனில் இந்த முகஞ்சுளிப்பே எம்மிடையே ஓர் உயிரைக் கிட்டத்தட்டக் கொண்டுபோகப் பார்த்தது.

நாம் கற்றதும் கற்பித்ததும் கலைப் பாடங்கள், மருத்துவம் அன்று. ஆகவே எவருக்கும் மருந்து சொல்வது எமது நோக்கமல்ல. ஒரு கூற்றை நம்புமுன் அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும்படி மாணவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொடுத்தோம். அதே கேள்வியை ஒரு களிம்புக் குழாயிடமும் ஒரு மாத்திரைப் புட்டியிடமும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

ஒக்லாந்தில் சான்ட்ரிங்கம் வீதிக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கப் போகும் எமது குடும்பங்களுக்கு டொமினியன் வீதியும் பழக்கமானதே. சீன உணவகங்களும் மூலிகைக் கடைகளும் நிறைந்த வீதி அது. அங்கிருந்தும், மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினரின் பெட்டிகளிலிருந்தும் மூலநோய்க்கான சீனக் களிம்புகளும் உருண்டைகளும் எமது வீடுகளுக்குள் வந்து சேர்கின்றன. வைத்தியரிடம் ஆடை நெகிழ்த்திக் காட்ட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் விளக்க வேண்டியதில்லை. வீட்டாருக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. இந்த மூன்று வசதிகளுக்காகவே பலர் அவற்றை நாடுகின்றனர் என்பது எமது எண்ணம். குணம் என்பது நான்காம் இடத்திலேயே வருகிறது.

எமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவர் அனுமதியுடனேயே சொல்கிறோம். அறுபதை நெருங்கும் வயது. ஊரில் எழுதுவினைஞர், இங்கு வந்தபின் இரவு வேலை. மலத்தோடு இரத்தம் போகக் கண்டார். தந்தைக்கு மூலம் இருந்தது, எனவே தமக்கும் அதுவே என்று தாமே முடிவு செய்துகொண்டார். முதலில் ஒரு களிம்பு; பின்னர் ஓர் உருண்டை; அதன் பின்னர் வேறோர் உருண்டை. இரத்தம் சில வாரம் நிற்கும், மீண்டும் வரும். நிற்கும்போது மருந்தைப் புகழ்ந்தார். வரும்போது தாம் உண்ட உறைப்புக் கறியைக் குறை சொன்னார். பதினான்கு மாதங்கள் இவ்வாறு சென்றன. மனைவிக்குக்கூட ஒரு சொல் சொல்லவில்லை. முகம் வெளிறிப் படியேற மூச்சு வாங்குவதைக் கண்ட மகள்தான் வலிந்து வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். மலக்குடலில் புற்றுநோய். சத்திர சிகிச்சையும் பிற சிகிச்சைகளும் முடிந்து இன்று அவர் நடமாடுகிறார். “மருந்து என்னை ஏமாற்றவில்லை, நான்தான் மருந்தை வைத்து என்னை ஏமாற்றிக்கொண்டேன்” என்று அவர் சொன்னதே எம்மை எழுதத் தூண்டியது.

இனி அம்மருந்துகளைப் பார்ப்போம். சீனத்து மூலநோய்க் களிம்புகளுள் பெயர்பெற்றது வூஹான் நகரைச் சேர்ந்த மா யிங் லோங் நிறுவனத்தினுடையது. 1582ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறிக்கொள்ளும் நிறுவனம் அது. கஸ்தூரி, கோரோசனை, முத்து, வெண்காரம், கற்பூர வகை ஆகியன அதில் சேர்கின்றன. கஸ்தூரியும் கோரோசனையும் இன்று செயற்கையாக ஆக்கப்படுபவை. இப்பெயர்களைக் கேட்டதும் எமது பாட்டிமாரின் மருந்துப் பெட்டி நினைவுக்கு வரவில்லையா? சீனக் களிம்பு எமக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இந்த உறவும் ஒரு காரணம். உருண்டைகளோ பெரும்பாலும் மூலிகைகளால் ஆனவை. சீனத்தில் தெருவோரங்களில் வளரும் ஹுவாய் என்னும் மரத்தின் காய், சங்குயிசோர்பா என்னும் செடியின் வேர் போன்றவை, இரத்தப்போக்கை நிறுத்துவன என்று பன்னெடுங்காலமாக அங்கு கருதப்பட்டு வருகின்றன.

இவை வேலை செய்கின்றனவா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு 2010இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டது. மூலநோயால் இரத்தம் போகும் 1,822 நோயாளர் பங்குபற்றிய 9 ஆய்வுகளை அதன் ஆய்வாளர் பரிசீலித்தனர். சில மூலிகைகள் அறிகுறிகளைத் தணிக்கக்கூடும், ஆயினும் ஆய்வுகள் நடத்தப்பட்ட முறை தரங்குறைந்தது என்பதால் உறுதியான ஆதாரம் உண்டெனச் சொல்ல முடியாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. இம்முடிவை வாசகர் நிதானமாக வாசிக்க வேண்டும். மருந்து பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. மெய் என்றும் சொல்லவில்லை. பரீட்சை ஒழுங்காக நடத்தப்படவில்லை, ஆகவே புள்ளி வழங்க இயலாது என்கின்றனர். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்த எவருக்கும் இது விளங்கும்.

“நாலு நூற்றாண்டு பாவித்து வந்திருக்கிறார்களே, அது ஆதாரமில்லையா? எனக்கே சுகம் வந்ததே, அது ஆதாரமில்லையா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மூலநோயின் இயல்பு என்ன? ஆசனவாயின் உட்புறத்தில் எல்லோருக்கும் இயற்கையாக உள்ள, இரத்த நாளங்கள் செறிந்த மெத்தை போன்ற தசை, முக்கலாலும் மலச்சிக்கலாலும் கர்ப்பகாலத்தின் அழுத்தத்தாலும் வீங்கிக் கீழிறங்குவதே மூலம். அது சில நாள் குருதி கசியும், பின்னர் தானாகவே அடங்கும், மீண்டும் எழும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருந்தைத் தேடுவர். உச்சத்திலிருந்து இறங்குவது நோயின் இயல்பு. இறங்கும் நேரத்தில் கையில் எந்தக் களிம்பு இருக்கிறதோ அதற்கே புகழ் போய்ச் சேரும். ஆகவேதான் ஆய்வாளர் நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போல இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு மருந்தையும் மற்றையோருக்கு வேறொன்றையும் கொடுத்து ஒப்பிடுகின்றனர். அந்த ஒப்பீடு இல்லாத இடத்தில் நானூறு ஆண்டும் நாலு நாளும் ஒன்றே. உடலில் குருதியைக் கீறி வெளியேற்றினால் காய்ச்சல் தீரும் என்று ஐரோப்பிய வைத்தியரும் இரண்டாயிரம் ஆண்டுகள் நம்பினர் என்பதை மறக்கலாகாது.

இதை எழுதும்போது, கீழைத்தேய மருத்துவத்தை இழிவுபடுத்துகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். வெள்ளையர் மருத்துவமே மருத்துவம், ஏனையவை மூடநம்பிக்கை என்போர் எம்மிடையேயும் உண்டு. அவர்களும் ஆதாரம் கேட்காமல் பேசுவோரே. மலேரியாவுக்கு இன்று உலகெங்கும் வழங்கப்படும் ஆர்ட்டெமிசினின், நாலாம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் சொல்லப்பட்ட மூலிகையைச் சோதித்ததால் கிடைத்தது. அதற்காகத் தூ யூயூ என்னும் சீனப் பெண்மணி 2015இல் நோபல் பரிசு பெற்றார். எமது சர்ப்பகந்தி வேர் உயர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதைப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் எழுதி உலகுக்கு அறிவித்தார். இவ்விரண்டிலும் பழைமை வழியைக் காட்டியது. சோதனை உண்மையை நிறுவியது.

ஆசனவாய் நோய்களிலேயே இதற்கு அழகான உதாரணம் ஒன்று உண்டு. அது எமது நாட்டு மருத்துவத்தைச் சேர்ந்தது. பவுத்திரம் என்பது மலக்குடலுக்கும் வெளித்தோலுக்கும் இடையே புண் குடைந்து உண்டாக்கும் சுரங்கம். களிம்பால் அது ஆறுவதில்லை. சீழ் கசிந்துகொண்டே இருக்கும். அதை வெட்டித் திறக்கையில் மலத்தை அடக்கும் தசையும் வெட்டுப்பட்டுவிட்டால் நோயாளி வாழ்நாள் முழுவதும் அவதிப்பட நேரும். இச்சுரங்கத்தினூடே நூலொன்றைச் செலுத்தி, இறுக்கிக் கட்டி, மெல்ல மெல்ல அறுபட விடும் முறையைப் பண்டைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர். 1556ஆம் ஆண்டின் சீன மருத்துவத் தொகுப்பொன்று, மூலிகையில் வேகவைத்த நூலைக் கட்டித் தொங்கவிடும் முறையைக் கூறுகிறது. பாரதத்தில் பதினோராம் நூற்றாண்டினரான சக்கரபாணிதத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் பூசிய நூலைப் பற்றி எழுதினார். மூன்று நாகரிகங்கள் ஒரே நோய்க்கு ஒரே வழியைக் கண்டமை வியப்புக்குரியது.

மறக்கப்பட்டுக் கிடந்த இம்முறையைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவருடன் பணியாற்றியோரும் 1960களில் மீட்டெடுத்தனர். கார நூல் என்று அது தமிழில் வழங்கும். நூலுக்கு 21 பூச்சுகள்: முதல் 11 தடவை கள்ளிப்பால் மட்டும், அடுத்த 7 தடவை கள்ளிப்பாலும் நாயுருவியைச் சுட்டெடுத்த காரமும், இறுதி 3 தடவை கள்ளிப்பாலும் மஞ்சள் தூளும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது. பயிற்சி பெற்ற வைத்தியர் அதைப் பவுத்திரத்தினுள் செலுத்திக் கட்டி, வாரந்தோறும் புது நூல் மாற்றுவார். காரம் புண்ணை அரித்துத் துப்புரவாக்கும். நூல் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டு வரும். அறுந்த இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வரும்.

இது கதையாக நின்றுவிடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல வைத்தியசாலைகளில் இதைச் சோதித்து 1991இல் முடிவை வெளியிட்டது. 265 நோயாளருக்குக் கார நூல். 237 நோயாளருக்கு வழக்கமான சத்திர சிகிச்சை. எவருக்கு எது என்பது நோயாளரின் விருப்பத்தாலோ வைத்தியரின் விருப்பத்தாலோ அல்லாமல் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. நூல் இட்டோருக்குப் புண் ஆற 8 வாரம் பிடித்தது. சத்திர சிகிச்சை பெற்றோருக்கு 4 வாரமே. ஆனால் நோய் திரும்பி வந்தது நூல் இட்டோரில் 4 சதவீதத்தினருக்கு. வெட்டப்பட்டோரில் 11 சதவீதத்தினருக்கு. சிங்கப்பூரில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்று, எளிய பவுத்திரங்களில் இரு முறைகளும் ஏறத்தாழச் சமமான பலனே தருகின்றன, நூலில் தொடக்க வலி கூடுதல் என்று கண்டது. இவ்வாறு நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்லப்படுவதே ஆதாரம். “ஆறும், ஆனால் நாட்செல்லும், நிலைக்கும், ஆனால் வலிக்கும்” என்று ஒரு மருந்தைப் பற்றி எவரேனும் சொன்னால் அவரை நம்பலாம். “எல்லா மூலமும் ஏழு நாளில் தீரும்” என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அதைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

எளிமையான இன்னொரு மருந்தையும் சொல்ல வேண்டும். மூலநோயாளருக்கு நார்ச்சத்துக் கொடுத்துச் செய்யப்பட்ட 7 ஆய்வுகளை, 378 நோயாளர் பங்குபற்றியவற்றை, கொக்ரேன் 2005இல் தொகுத்தது. நார்ச்சத்து உண்டோருக்கு நோய் நீடிப்பதும் குருதி கசிவதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இவற்றுட் பலவற்றில் பயன்பட்ட இசப்கோல் உமி குஜராத் வயல்களிலிருந்து உலகெங்கும் செல்வது. ஒக்லாந்தில் இந்தியக் கடைகளிலும் மருந்தகங்களிலும் சில டொலருக்குக் கிடைப்பது. ஊரில் குரக்கன் பிட்டும் கீரையும் பயறும் உண்ட எமது வயிறு, இங்கு வெள்ளைப் பாணுக்கும் இரவு வேலைக்கும் பழகிவிட்டது. தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை, மலங்கழிக்கவும் நேரமில்லை. தொலைபேசியைக் கையில் ஏந்திக் கழிப்பறையில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பதும் புதுப் பழக்கமாயிற்று. கடையில் நாற்பது டொலர் கொடுத்து வாங்கும் உருண்டைக்கு இல்லாத ஆதாரம், கீரைச் சுண்டலுக்கும் குரக்கன் கூழுக்கும் உள்ள நாருக்கு உண்டு என்பதை வீட்டுப் பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் அறிந்துகொள்வது நல்லது.

மூலிகைதானே, தீங்கு செய்யாது என்பது மற்றொரு நம்பிக்கை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகர்ப் பகுதியில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தமை 2004இல் வெளியாயிற்று. கலிபோர்னியாவில் 260 ஆசிய மருந்துகளைச் சோதித்து 1998இல் வெளியிட்ட முடிவில், மூன்றிலொரு பங்கு வரையானவற்றில் பெட்டியில் சொல்லப்படாத மேனாட்டு மருந்துகளோ நச்சு உலோகங்களோ காணப்பட்டன. எமது மருந்தும் சீனத்து மருந்தும் இதில் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான மெட்சேஃப், ஈயம் கலந்த ஆயுர்வேத மருந்துகள் பற்றி எச்சரித்திருக்கிறது. கடையில் விற்கப்படுவதால் அரசு சோதித்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இயற்கை மருந்துகளையும் ஒழுங்குக்குக் கொண்டுவர முனைந்த சிகிச்சைப் பொருட்கள் சட்டம் 2023இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வருமுன்னரே 2024 இறுதியில் நீக்கப்பட்டுவிட்டது. சீன மருத்துவம் செய்வோர் 2021 நவம்பர் முதல் தமக்கெனச் சபையொன்றில் பதிவு செய்ய வேண்டியவராயினர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் பதிவு பெற்றவர் மருத்துவர். கடையில் பெட்டியை எடுத்துத் தருபவர் மருத்துவர் அல்லர்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு. எந்த மருந்து என்று கேட்குமுன் எந்த நோய் என்று கேட்க வேண்டும். மலத்தோடு இரத்தம் போகும் பெரும்பாலோருக்கு அது மூலமோ வெடிப்போதான், அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அதே இரத்தம் குடற்புற்றுநோயின் முதற் சொல்லாகவும் இருக்கலாம். பவுத்திரம் சிலருக்குக் காசநோயாலும் வருவதுண்டு. குடல் அழற்சி நோயாலும் வருவதுண்டு. முகாம்களிலும் சிறைகளிலும் நெருக்குண்டு வாழ்ந்த எமக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தியன்று. கண்ணாடியில் பார்த்தோ, அயலவரிடம் கேட்டோ இவற்றைப் பிரித்தறிய முடியாது. நல்ல களிம்பு நோவைத் தணிக்கும். தணித்த நோவு மறைத்த நோயாகிவிடக் கூடாது.

நியூசிலாந்து, குடற்புற்றுநோய் மிகுந்த நாடுகளுள் ஒன்று. ஆண்டுதோறும் 3,000க்கும் மேற்பட்டோருக்கு அது கண்டறியப்படுகிறது. 1,200 பேர் வரையில் உயிரிழக்கின்றனர். இதனால் அரசு 60 முதல் 74 வயது வரையானோருக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைப் பொதியைத் தபாலில் இலவசமாக அனுப்பி வந்தது. தொடக்க வயதை 58 ஆகக் குறைப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்து, எமது ஒக்லாந்து உள்ளடங்கிய வடபகுதியில் அவ்வாண்டு ஒக்ரோபரில் அதைத் தொடங்கியது. அந்தப் பொதி வந்ததும் “இதென்ன அசிங்கம்” என்று குப்பைத்தொட்டியில் போட்ட வீடுகளை நாம் அறிவோம். ஒரு சிறு குச்சியால் மலத்தைத் தொட்டு ஒரு சிறு புட்டியில் இட்டு அனுப்புவதே வேலை. மூன்று நிமிடம் செல்லாது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: அச்சோதனை நோயறிகுறி இல்லாதோருக்கானது. இரத்தம் கண்டவர் தபாலுக்குக் காத்திராமல் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும்.

போவதற்கு எது தடை? மொழி ஒன்று. பத்து வயது மகனை அருகில் இருத்தி, அம்மாவின் ஆசனவாயில் நோவு என்று மொழிபெயர்க்கச் சொல்வது அம்மாவுக்கும் கொடுமை, பிள்ளைக்கும் கொடுமை. தேவையான இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை, 1996 முதல் நடைமுறையிலுள்ள நோயாளர் உரிமைக் கோவையில் எழுதப்பட்டிருக்கிறது. நேரம் குறிக்கும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று கேளுங்கள். ஒக்லாந்துத் தமிழ்ச் சமூகம் சிறியது, மொழிபெயர்ப்பவர் தெரிந்தவராயிருப்பார் என்று அஞ்சினால், தொலைபேசி வழியாகப் பெயர் சொல்லாமல் மொழிபெயர்க்க முடியுமா என்று கேளுங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் குற்றமில்லை. துணைக்கு ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் அதே கோவை தரும் உரிமையே.

இரண்டாம் தடையை எழுத எமது பேனா தயங்குகிறது. ஆயினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. இலங்கைத் தடுப்புக் காவலில் சித்திரவதைக்குள்ளான 184 தமிழ் ஆண்களின் வாக்குமூலங்களை இலண்டன் வைத்தியர்கள் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ‘லான்செற்’ ஏட்டில் எழுதினர். அவர்களுள் 38 பேர் பாலியல் வதைக்கு உள்ளானதாகக் கூறியிருந்தனர். ஐவருள் ஒருவர். வாய்திறந்தோரின் கணக்கு இது. வாய்திறவாதோரை யார் எண்ணினார்? அத்தகைய ஒருவருக்குப் பரிசோதனைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது என்னவாயிருக்கும் என்பதை வைத்தியர் அறிய வேண்டும். நாமும் அறிய வேண்டும். அவர் களிம்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது அறியாமையால் அல்ல. அத்தகையோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: நடந்தது உங்கள் வெட்கமன்று, அதைச் செய்தவரின் வெட்கம். “முன்னர் துன்புறுத்தப்பட்டவன், மெதுவாகச் செய்யுங்கள்” என்ற ஒரு வாக்கியம் வைத்தியருக்குப் போதும். எந்த நிமிடத்திலும் “நிறுத்துங்கள்” என்று சொல்லும் உரிமை உங்களுக்குண்டு. இவ்வாறானவருக்குத் துணைநிற்கவென்றே ‘ரெபியூஜீஸ் அஸ் சேவைவர்ஸ்’ என்னும் நிறுவனம் இந்நகரில் இயங்குகிறது.

வைத்தியர்களிடமும் ஒரு சொல். எமது முதியவர் ஒருவர் பையிலிருந்து சீனக் களிம்பை எடுத்துக் காட்டினால் சிரிக்காதீர்கள். சிரித்தால் அடுத்த முறை அவர் களிம்பைக் காட்டமாட்டார். அதற்கடுத்த முறை வரவே மாட்டார். எந்த மருந்தை எவ்வளவு நாள் பாவித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வைத்தியரிடமே எமது மக்கள் உண்மை பேசுவர்.

எமது கருத்தைச் சுருக்கிச் சொல்கிறோம். சீன மருந்தைத் தடை செய்ய வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நோய் இன்னதென்று வைத்தியர் கண்டு சொன்ன பின், உள்ளடக்கம் தெளிவாக எழுதப்பட்ட ஒரு களிம்பை, அவருக்குத் தெரிவித்து ஒருவர் பூசிக்கொள்வது அவரது விருப்பம். நோய் இன்னதென்று அறியுமுன் எந்த மருந்தையும், சீனத்தது ஆயினும் சித்தரது ஆயினும் மேனாட்டது ஆயினும், மாதக்கணக்கில் தொடர்வது தவறு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று எம்முன்னோர் சொல்லி வைத்தனர். விருந்தாளிக்கு அது பொருந்துமோ இல்லையோ, கடையில் தானாக வாங்கிய மருந்துக்கு நன்கு பொருந்தும். சில நாளில் நிற்காத இரத்தம், நின்று மீண்டும் வரும் இரத்தம், மலங்கழியும் வழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றம், காரணமின்றி மெலிதல், சோர்வு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் வைத்தியரிடம் போங்கள். பையில் நீங்கள் பாவித்த மருந்துப் பெட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும் முகாம் நடத்துகிறீர்கள், நல்ல பணி. அடுத்த முகாமில் குடற்சோதனைப் பொதியை மேசைமேல் வைத்து, தமிழில் விளக்க ஒருவரை நிறுத்துங்கள். ஆண்களுக்கு ஆணும் பெண்களுக்குப் பெண்ணும் நின்று பேசட்டும்.

போரைக் கடந்தோம், கடலைக் கடந்தோம், இந்நாட்டின் அலுவலகங்களில் எமது துயரங்களை அந்நிய மொழியில் மீண்டும் மீண்டும் சொல்லிக் குடியுரிமை பெற்றோம். அத்தனையும் சொல்லத் துணிந்த நாவு, “இரத்தம் போகிறது” என்ற இரண்டு சொற்களைச் சொல்லக் கூசி உயிரை இழக்கலாமா? இன்றிரவு உணவு மேசையில் இப்பத்திரிகையைத் திறந்தபடியே வைத்துவிடுங்கள். வீட்டில் எவருக்கேனும் சொல்ல வேண்டியது இருந்தால், அவர் தொடங்குவதற்கு அதுவே வழியாகலாம்.